பாய்லர் அறையில் மூன்று பேர்

ஹார்லன் உள்ளே வந்ததும் டுவைட் கதவைச் சாத்தினார். மாடியில் பள்ளி பாண்டுக் குழுவின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சத்தம் காதைக் கிழிக்கிறது என்றார்.

பிறகு கைப்பிடியைத் திருகினார். இன்னொரு முறை திருகினார்.

“சிக்கிக்கிச்சு.”

ஊரில் இருக்கும் ஒரே ஹார்டுவேர் கடை அவருடையது. அவரே சிக்கிக்கொண்டது என்றால் சிக்கிக்கொண்டதுதான்.

வெர்னாவுக்குக் கதவைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. எண்ணிப் பார்த்தாள். டுவைட், ஹார்லன், அவள். மூன்று பேர்.

பள்ளி வாரியத்தில் மொத்தமே ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்து பள்ளியைப் பற்றி வாய் திறந்தால் அது கூட்டம். அறிவிப்பு ஒட்டாமல் கூட்டம் போடுவது சட்டவிரோதம். அதனால்தான் கட்டடத்தைப் பார்வையிட எப்போதும் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். இன்று கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் பார்க்க அவளும் டுவைட்டும் கீழே இறங்கியிருந்தார்கள். நாலு மணிக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்ல வந்த தலைவர் ஹார்லன் மூன்றாவது ஆளாக மாட்டிக்கொண்டார்.

போன வருடம் மூன்று உறுப்பினர்கள் உணவகத்தில் ஆப்பிள் பை தின்றபடி பள்ளிப் பேருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்திலேயே மானத்தை வாங்கியது. மூவரும் ஊரார் முன்னால் நின்று மன்னிப்புக் கடிதம் வாசித்தார்கள். அதில் ஒருவர் ஹார்லன்.

“இந்தக் கதவு...” என்று வெர்னா ஆரம்பித்தாள்.

“வேணாம்மா,” என்று ஹார்லன் கையைத் தூக்கினார். “கதவு ஸ்கூல் சொத்து. அதப் பத்தி மூணு பேரா பேசக் கூடாது.”

“பேசல. ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கறேன்.”

“தொட்டா அது பரிசோதனை,” என்றார் டுவைட். “மூணு பேரு சேந்து பரிசோதனை பண்ணா அதுவும் கூட்டம்தான். என்ன தலைவரே?”

ஹார்லன் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.

டுவைட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். முந்நூறு பவுண்டு உடம்பு.

கைபேசியில் சிக்னல் இல்லை. கத்தலாம் என்று முடிவானது. ஆனால் ‘கதவைத் திற’ என்று கத்தினால் அது கட்டடத்தைப் பற்றிய கருத்தாகிவிடும். பொதுவாக ‘ஏய்’ என்று மட்டும் கத்தலாம் என்று ஹார்லன் தீர்ப்புச் சொன்னார். மூவரும் சேர்ந்து ஏய் என்று கத்தினார்கள். மேலே முப்பத்தோரு பிள்ளைகள் ஊதிய ஊதலில் அது எடுபடவில்லை.

கூட்டத்துக்காக நூலகத்தில் காத்திருந்த மற்ற இரண்டு உறுப்பினர்கள் தேடி வந்திருக்கலாம். வந்தால் மொத்த வாரியமும் கூடிவிடும். அவர்களுக்கும் சட்டம் தெரியும். வரவில்லை.

மணி நாலேகால்.

நாலு மணிக்கே கூட்டம் தொடங்கியிருக்க வேண்டும். பாண்டை ஒழிக்க வாக்கெடுப்பு. மூன்றுக்கு இரண்டு என்று முடிவு ஊருக்கே தெரியும். இசை ஆசிரியை கிளாராவின் கையில் இன்று ஐந்து மணிக்குள் வேலைநீக்கக் கடிதம் சேர வேண்டும். சேராவிட்டால் அவள் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். பாண்டும் பிழைத்துக்கொள்ளும்.

கடிதம் வெர்னாவின் கைப்பையில் இருந்தது. வாரியத்தின் செயலாளர் அவள்தான். ஒமாஹா நகரில் நல்ல வேலையில் இருந்த கிளாராவைப் பேசிப் பேசி இந்த ஊருக்கு இழுத்து வந்தவளும் அவள்தான். அதே கையால் கடிதத்தை நீட்ட வேண்டும்.

இப்போது, பாவம் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டாள். ஆண்டவரே, இந்தக் கதவு திறக்கக் கூடாது.

டுவைட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘பாண்டு வேண்டாம், கூரை வேண்டும்’ என்று வீட்டுக்கு வீடு பலகை நட்டு வாரியத் தேர்தலில் ஜெயித்த மனிதர். அந்த மூன்றாவது வாக்கு அவருடையது. மேலே டிரம் முழங்க முழங்க அவருடைய பூட்ஸ் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வெளியே போக முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்தாள். நன்றாகத் தவிக்கட்டும்.

பேசுவதற்கு மக்காச்சோள விதைப்பு இருந்தது. ஹார்லனின் முழங்கால் வலி இருந்தது. தேவாலய விருந்துக்கு யாரோ உப்பே போடாமல் ஒரு கேசரோல் பதார்த்தம் கொண்டுவந்ததைப் பற்றி ஹார்லன் விரிவாகச் சொன்னார். கொண்டுவந்தது வெர்னா என்பது பாதியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அவசரமாக மறுபடி முழங்கால் வலிக்குத் திரும்பினார்.

நாலே முக்காலுக்கு ஹார்லன் துள்ளி எழுந்தார்.

“எந்திரிப்பா. சட்டமாவது ஒண்ணாவது. நானே ஒடைக்கறேன்.”

“ஒடைங்க தலைவரே,” என்றார் டுவைட், அசையாமல். “ஆனா இந்த வாட்டி மன்னிப்புக் கடுதாசில என் பேரச் சேக்காதீங்க.”

ஹார்லன் கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணி ஆனது. மேலே ஒத்திகை முடிந்து நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. வெர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு டுவைட் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வாளியை ஓரமாகத் தள்ளினார். சற்று நேரத்தில் பள்ளியைப் பெருக்கும் ஓடிஸ், துடைப்பத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டே படியேறினார். டுவைட் பின்னாலேயே போனார்.

“பூட்டு சிக்கிக்கிச்சு ஓடிஸ். ஒரு மணி நேரமா உள்ளயே கெடந்தோம்,” என்றாள் வெர்னா.

ஓடிஸ் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“இதுல ஏதும்மா பூட்டு? போன வாரமே டுவைட் வந்து கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாரே. வெறும் கைப்பிடிதான் நிக்குது. சும்மா இழுத்தா வந்துரும்.”

மேலே டுவைட்டின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. உங்களால் ஒரு வருடப் பாண்டுச் செலவு ஊர் தலையில் விழுந்ததே என்று தலைவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.