ஒரு பெட்டி, ரெண்டு கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டர் ரொம்ப சூடாகுது ஆஷா. உள்ளே குழாய் வச்சு தண்ணி ஓடவிடப் போறேன்."

குணசேகர் திட்டு வாங்கத் தயாராக நின்றான். மனைவி திட்டவில்லை.

"ஒண்ணு மட்டும் எதுக்குங்க? அதே பெட்டியில ரெண்டு கம்ப்யூட்டரா போட்டுடுங்க."

நெகிழ்ந்துபோனவன் பம்ப், குழாய், தண்ணீருக்கு ஒரு பக்கெட் எல்லாம் பொருத்தினான்.

"பக்கெட் தண்ணிய அடிக்கடி மாத்தணும்."

"தினமும் காலையில நானே மாத்துறேன்."

'என் பெண்டாட்டி மாதிரி கம்ப்யூட்டர் பைத்தியம் பெங்களூரிலேயே கிடையாது' என்று ஆபீஸில் பீற்றிக்கொண்டான்.

டிசம்பரில் மாமனார் சுப்பராயன் கோலாரிலிருந்து வந்தார். விடியற்காலையில் குளியலறையிலிருந்து அவர் குரல் நடுங்கியது.

"ஆஷா, தண்ணி வெதுவெதுன்னுதாம்மா இருக்கு!"

ஆஷா கணவனை உலுக்கினாள்.

"எழுந்திருங்க. அப்பாவுக்கு சூடு பத்தலையாம். ரெண்டாவதையும் ஆன் பண்ணுங்க!"