விழா மலர்

திறப்பு விழாவுக்கு அந்த அம்மாள் வருவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை.

போர் சமயத்தில், ஒரே பகலில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட குடியேறிகளைப் பற்றியதுதான் கண்காட்சி. அவர்களில் ஒருவர் நேரிலேயே வந்து நிற்கக்கூடும் என்பது மட்டும் விழாக் குழுவுக்குத் தோன்றவேயில்லை.

நான் அருங்காட்சியகத்தில் எழுத்தர். அவர்கள் விட்டுப்போன பொருள் ஏதாவது இருந்தால் தந்து உதவுங்கள் என்று ஆறு மாதத்துக்கு முன் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினோம். ஒரு ஸ்பூன்கூட வரவில்லை. ஊரே கையை விரித்தது. ஐம்பது வருஷமாக விரித்து வைத்திருக்கும் கைதான்.

பிறகு கண்காணிப்பாளர் ஒரு காரியம் செய்தார். பொருள் தருகிறவர்களின் படத்தை விழா மலரில் முழுப் பக்கத்துக்குப் போடப்போவதாக அறிவித்தார்.

அவ்வளவுதான். மறுநாளே வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன.

நிலைக்கண்ணாடி, தையல் மிஷின், கட்டில், பியானோ. மருந்துக்கடைக்காரர் ஒரு அலமாரியையே கொண்டுவந்து இறக்கினார். யாரும் எதையும் எடுக்கவில்லையாம், பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்களாம். ஒருவர் ஒரு பல்செட்டைக்கூடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குக் கீழே வீட்டு விலாசமும் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அதே பெயரில் ஊரில் இன்னொருவர் இருந்து, பெருமை அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே.

அந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பத்து வயதில் இந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டவள் என்று வாசலில் என்னிடம் சொன்னார். நான் கண்காணிப்பாளரிடம் சொல்லி முடிப்பதற்குள் சேதி கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

பொருள் கொடுத்த பெருமக்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோய் அவரவர் பொருளுக்கு முன்னால் நின்றுகொண்டார்கள். திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மருந்துக்கடைக்காரர் அலமாரிக் கைப்பிடியை விடவேயில்லை.

அந்த அம்மாள் எதையும் கேட்கவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அது அவருடைய அம்மாவின் மிஷினாம். எனக்கே மனசு கேட்கவில்லை.

பிறகு எல்லாருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளே எல்லாரும் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள் என்று மருந்துக்கடைக்காரர் சத்தமாகவே பாராட்டினார்.

வாசல் மேஜையில் அந்த அம்மாள் விழா மலர் இரண்டு பிரதி வாங்கினார். பக்கத்துக்குப் பக்கம் அலுவலக முத்திரை வேண்டுமென்றார். ஞாபகத்துக்காக்கும் என்று நானும் உற்சாகமாகக் குத்திக்கொண்டே போனேன். பாதி முடிந்த பிறகுதான் இத்தனை முத்திரை எதற்கென்று கேட்டேன்.

"பொருள் யார்கிட்ட இருக்குன்னு பேரு, விலாசம் இல்லாம மனுவை எடுத்துக்க முடியாதுன்னு கோர்ட்டுல ஏழு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க தம்பி. நீங்கதான் போட்டோவோட போட்டுட்டீங்களே."

அடுத்த பக்கத்தைப் புரட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"குத்துங்க தம்பி."

அந்தப் பக்கத்தில் ஒரு தொட்டில். அதைப் பிடித்தபடி வாயெல்லாம் பல்லாக என் அம்மா. மூலையில் ஒரு பழைய படம், அதே தொட்டிலில் கைக்குழந்தையாக நான்.

கீழே எங்கள் வீட்டு விலாசத்தில் ஒரு பிழைகூட இல்லை. புரூஃப் பார்த்தவன் நான்.