மஞ்சள் படகு

ஓர்விலும் மேவிஸும் போன துடுப்புப் படகு பாறையில் மோதி அடி கிழிந்துவிட்டது.

"ஒட்டுப் போட்டா ஓடும்," என்றார் ஓர்வில்.

"பின்னால உக்காந்து திருப்புனது நீ. பேசாம வா," என்று மேவிஸ் அவரைப் படகுக் கடைக்கு இழுத்து வந்துவிட்டாள். ஏரி உறைவதற்குள் புதுசு ஒன்று வேண்டுமாம்.

கடைக்காரன் ஒரு மஞ்சள் படகைத் தட்டினான். "இறகு மாதிரி, பெரியவரே. ஒரு ஏரியிலேர்ந்து அடுத்த ஏரிக்குத் தூக்கிட்டு நடக்க ஒரு ஆள் போதும்."

ஓர்வில் குறுக்கே வந்து நின்றார். "காத்தடிச்சாப் பறந்துரும். இவனை நம்பாத மேவிஸ்."

"நீ யாரைத்தான் நம்புன?"

அவள் குனிந்து படகைப் புரட்டி, ஒற்றை ஆளாகத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தாள். ஓர்வில் உட்காருவார், எழுவார், தொப்பியைக் கழற்றுவார், மாட்டுவார்.

மேவிஸ் படகை இறக்கினாள். மூச்சுகூட வாங்கவில்லை. "இது வேணாம். அந்தப் பச்சையைக் குடு."

"அது பொணக் கனம்மா. ரெண்டு பேர் இல்லாம நகராது."

"அதான் வேணும்."

கடைக்காரன் சிரித்தான். "புருசன் பொண்டாட்டி சேந்து தூக்கிக்குவீங்க. வீடு எங்க, கொண்டாந்து இறக்குறேன்."

இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு தெருவைச் சொன்னார்கள். கடைக்காரன் விழித்தான்.

"எங்களுக்கு விவாகரத்து ஆகி வருசம் ஒன்பது ஆச்சு," என்றாள் மேவிஸ். "வீடு, நாய் எல்லாம் பிரிச்சாச்சு. படகை மட்டும் அறுக்க முடியல."

"அப்போ தனியாப் போறவங்களுக்கு அந்த மஞ்சள்தானேம்மா தோது?"

"அதனாலதான் வேணாம்னேன்."