இடது கீழ் இறக்கை

“மூடி வை, வந்து குடிக்கிறேன்” என்று டீ டம்ளரை ஸ்பேனரின் கையில் கொடுத்துவிட்டு ஏறியவர்தான் அண்ணன். போன வருஷம், இதே ஓடுபாதையில், இதே இரட்டை இறக்கை விமானத்தில். திரும்பி வரவில்லை.

ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்குக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன். ஒன்பது வருஷம் இருவரும் சேர்ந்து உயிர் கொடுத்த பழைய விமானம் அது. விழுந்து நொறுங்கியதை இவன் தனியாளாக மறுபடி நிமிர்த்தியிருந்தான்.

இன்று திடலில் ஊரே கூடி, மஞ்சள் இறக்கைகளைத் தடவித் தடவிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அரை மணியில் அண்ணனின் மகள் அதை ஓட்டப் போகிறாள். இருக்கையில் ஏறி பெல்ட் கூடக் கட்டியாகிவிட்டது.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். விபத்தில் தப்பிய ஒரே இறக்கையான இடது கீழ் இறக்கையில் கை வைத்தாள்.

“தம்பி, இதைக் கிழிங்க. துணி ஒட்டுறதுக்கு முன்னாடி உள்ள எனக்கு ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னாரு.”

இருக்கலாம். மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்துமுன் உள்ளே எதையாவது எழுதி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அந்த இறக்கைக்குத் துணி ஒட்டிய அன்று ஸ்பேனர் காய்ச்சலில் கிடந்தான்.

இருந்தாலும் தயங்கினான். “மளிகை லிஸ்ட் எழுதவே அண்ணனுக்கு மூணு நாள் ஆகும் அண்ணி. அவரா எழுதினாரு?”

அவள் சிரிக்கவில்லை. பறந்து வந்ததும் பார்க்கலாம் என்றான், அவள் கேட்கவில்லை. இறக்கையின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் படித்துச் சொல்கிறேன் என்றான். அதுவும் வேண்டாமாம். தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம், முழங்கை நீளத்துக்காவது கிழிக்க வேண்டுமாம்.

கடைசியில், அத்தனை பேர் பார்க்க அவன் காலைப் பிடித்துவிட்டாள்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. கத்தியை எடுத்தான். மேளத்தோல் போல இறுகியிருந்த துணி பட்டென்று பிளந்தது. “சித்தப்பா, என்ன பண்றீங்க?” என்று மகள் மேலிருந்து அலறினாள்.

உள்ளே வெறும் மரம். ஸ்பேனர் தோள்வரை கையை விட்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு சட்டமாகத் தேடினான். ஒரு பென்சில் கீறல்கூட இல்லை. டார்ச்சை அணைத்தான்.

“அண்ணி... ஒண்ணுமே எழுதலையே.”

அவள் இறக்கைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெல்ட்டை அவிழ்த்துவிட்டு இறங்கி ஓடிவரும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும் தம்பி. இன்னிக்கு இது பறக்காதுல்ல?”