சாம்பல் கட்டம்

நோரூஸ் பண்டிகைக்குத் துவைக்கக் கழற்றிய ஜன்னலின் கம்பளித் திரைச்சீலை இன்னும் காயவில்லை. மலைப்பனியின் வெளிச்சம் எக்ஸ்ரே அறைக்குள் கண்ணைக் கூசவைக்கிறது. மானிட்டரின் சோதனைப் படத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் சின்னதாக ஒரு சாம்பல் கட்டம் தெரிய வேண்டும்; அது தெரிந்தால்தான் எக்ஸ்ரேயில் மங்கலான புள்ளிகளும் தெரியும். டாக்டர் பெர்மெத்துக்கு வெறும் கறுப்புதான் தெரிகிறது. "காலைல இதைப் பார்த்தோமாக்கா?" என்கிறான் டெக்னீஷியன் தலாய். "பார்க்கலை. இந்தா, என் கோட்டைப் பிடி." இருவர் தலைக்கும் மானிட்டருக்கும் மேலே அவளுடைய வெள்ளைக் கோட்டு கூடாரமாகிறது. சாம்பல் கட்டம் மெல்லத் துலங்குகிறது. 'ஒண்ணுமில்லை' என்று சற்றுமுன் சொல்லி அனுப்பிய இடையர் ஜெகேனின் நுரையீரல் படத்தை மறுபடி திறக்கிறாள். பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. வெளியே ஜெகேன் வேனில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவள் ஓடிப்போய் அறையின் ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று தட்டுகிறாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, நன்றியோடு நெஞ்சில் கை வைக்கிறார்.