துரை கூப்பிட்ட ஐயர்

மஹாதேவய்யர் சொல்லும் இந்தக் கதையைச் சீதாராமன் வெகு வருஷமாக நம்பவில்லை. அக்கா நாகலக்ஷ்மியின் புருஷனாயிற்றே என்று கேட்டுக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். 'பெரியவரைச் சந்தேகப்படுகிறோமே, நமக்குத்தான் மனசு சரியில்லையோ' என்று தன்னையே நொந்துகொண்டதும் உண்டு.

கதை இதுதான்.

ஹவுராவில் ஒரு சின்னத் தமிழ் ஜெபக்கூடம். அந்தச் சபைக்காரர்கள் தங்கள் போதகரை 'ஐயர்' என்றுதான் அழைப்பார்கள். போதகர் மாசிலாமணி ஐயர் பிரசங்கத்துக்கு ஏறுமுன் கதவைப் பூட்டிச் சாவியை அங்கிக்குள் போட்டுக்கொள்வார். அவர் முடிக்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. இருமினால் விசுவாசக் குறைவு. ஏன் என்று கேட்டால் சாத்தானின் குரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே பிட்டர் தேவசகாயத்துக்கு வயிற்றைக் கலக்கியது. விரலைத் தூக்கிப் பார்த்தார். ஐயர் அப்போதுதான் நோவாவின் பேழைக்கு மரம் வெட்ட ஆரம்பித்திருந்தார். மழை வந்து, வெள்ளம் வந்து, வடிந்து... அதுவரை தாங்காது. தேவசகாயம் ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார்.

அவர் மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று ஐயர் சபையில் ஓலை வாசித்தால்தான் தாலி கட்ட முடியும். மாப்பிள்ளை ஆசீர்வாதத்துக்கோ ரங்கூன் கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது.

"ஜன்னல்ல குதிச்சவன் மகளுக்கு ஓலை கிடையாது" என்றுவிட்டார் ஐயர். "சபை நடுவே முழங்காலில் நின்னு என்கிட்ட மன்னிப்புக் கேளு."

"வயிறு கேட்கலீங்க ஐயரே."

"அப்போ வயித்தையும் சேர்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்லு."

தேவசகாயம் மிஷன் துரையிடம் பிராது கொடுத்தார். துரை சீமையிலிருந்து வந்து இறங்கிய புதுசு. "தமிழ் ஐயரைக் கூட்டி வா" என்று சப்ராசிச் சேவகனை அனுப்பினார். கல்கத்தாவில் தமிழ் ஐயர் வீடு எது என்று கேட்டால் ஹவுராவையா காட்டுவார்கள்? காளிகாட்டில் மஹாதேவய்யர் வீட்டைக் காட்டினார்கள்.

மஹாதேவய்யர் கம்பெனி குமாஸ்தா. துரை கூப்பிட்டால் எந்தத் துரை, எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

துரையின் அறையில் தேவசகாயமும் எஸ்தரும் நின்றுகொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் தேவசகாயம், "துரை, இவரு..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாதே. உன் பிராதைப் படித்துவிட்டேன்" என்ற துரை, மஹாதேவய்யரின் நெற்றியைக் காட்டி, "அது என்ன?" என்றார்.

"சாம்பல் சார். கடைசியில் எல்லாரும் இதுதான் என்பது மறக்காமலிருக்க."

துரை உருகிப்போனார். இவ்வளவு பக்திமான் மேலா பிராது?

"கதவைப் பூட்டிச் சாவியை நீரே வைத்துக்கொள்கிறீராமே?"

மஹாதேவய்யருக்குத் தெரிந்த கதவு அவர் வீட்டுக் கதவுதான். "ஆமாம் சார்."

"உள்ளே ஆட்கள் இருக்கும்போதா?"

"ஆட்கள் இருப்பதால்தான் சார் பூட்டுகிறேன்."

"நீர் பேசும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாதாமே?"

"பேசாதபோதும் திறக்க மாட்டார்கள் சார்" என்றார், பெருமையாக.

"எதிர்த்து ஏதாவது கேட்டால்?"

"கல்யாணமான நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை."

துரையின் முகம் சிவந்தது. "ஆண்டவர் உம்மை மேய்ப்பனாக வைத்தார், ஜெயிலராக அல்ல. இந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளும். ஓலையை இங்கேயே, இப்போதே வாசியும்."

ஆள் மாறிப்போனது மஹாதேவய்யருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் துரையைத் திருத்துவது குமாஸ்தா வேலையில்லையே. எஸ்தரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். துரை நீட்டிய ஓலைக் காகிதத்தை வாங்கிக் கனைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே தோரணையில் படித்தார்:

"சிரஞ்சீவி ஆசீர்வாதத்துக்கும் சௌபாக்யவதி எஸ்தருக்கும் பெரியோர்கள் நிச்சயித்தபடி... தாங்கள் இஷ்டமித்ர பந்துக்களுடன் வந்திருந்து..."

எஸ்தர் அப்பாவின் கையைச் சுரண்டினாள்.

"பேசாம ஆமென் சொல்லு புள்ள" என்று முணுமுணுத்தார் தேவசகாயம். "நம்ம ஐயர் வாயில 'மன்னிச்சுக்கோ' வருமா? வந்த வாய் எதுவா இருந்தா என்ன?"

'ஐயர் மன்னிப்புக் கேட்டார்' என்று ஹவுரா முழுக்கப் பரவியது. 'நான் கேட்கவில்லை' என்று சொன்னால் துரை முன்னால் நிஜமாகவே போய் நின்று கேட்கவேண்டி வரும். மாசிலாமணி ஐயர் வாயைத் திறக்கவில்லை. எப்பேர்ப்பட்ட தாழ்மை என்று சபை மாலை போட்டது, கழுத்தை நீட்டினார். ஓலையை வாசித்தார். எஸ்தர் கப்பலேறினாள். அதன்பிறகு ஜெபக்கூடத்துக் கதவு பூட்டப்படவும் இல்லை.

"எப்படி இருக்கு கதை! எவனோ பண்ணின தப்புக்கு நான் போய்க் கன்னத்துல போட்டுண்டு வந்தேன்" என்று ஒவ்வொரு முறையும் போல இன்றும் சிரித்து முடித்தார் மஹாதேவய்யர்.

நாகலக்ஷ்மி இரண்டு பேருக்கும் காபியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். சீதாராமன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாம்பலைச் சந்தேகப்பட்டாயிற்று. துரையை, சப்ராசியை, ஓலையைக்கூடச் சந்தேகப்பட்டாயிற்று. துரைக்கு இவர் சொன்ன பதில்களில் ஒன்றையாவது சந்தேகப்பட இத்தனை வருஷத்தில் தனக்குத் தோன்றவே இல்லையே.

"அத்திம்பேர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளேன்."

"துரை ஆள் மாறிப் பிடிச்சுட்டார்னு எதை வெச்சுச் சொல்றேள்?"