நாலு மணிக்கு எழுப்பிடுங்க

‘ஹெட்மாஸ்டர்’ என்னும் திருப்பெயர் தாங்கிய அவருக்குச் சென்ற மாதத்தோடு அறுபது வயது நிறைந்தது. எந்தப் பள்ளியிலும் அவர் பாடம் நடத்தியவர் அல்லர். விமான நிலையத்துக்கு அருகே, ஓர் இரவு தங்கி விடியலில் பறப்போருக்கென்றே நடக்கும் ஒரு விடுதியில், வரவேற்புப் பிரிவின் மேற்பார்வையாளர். ஊழியர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அழகைக் கண்டு யாரோ சூட்டிய பட்டம் அது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அன்று காலை எட்டரை மணிக்கு அவர் உள்ளே நுழைந்தபோது, வரவேற்பு மேசையின் முன்னே ஒரு பயணி, கையிலிருந்த அறைச் சாவியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

“நாலு மணிக்கு எழுப்பிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஃப்ளைட் போயிடுச்சு. ஊர்ல அப்பாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட என்னை விட்டா ஆள் கிடையாது!”

இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பவேண்டிய பெண் மேசைக்குப் பின்னால் நின்றாள். சாவியைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“மன்னிச்சிடுங்க சார். நான்தான் மறந்துட்டேன்.”

ஹெட்மாஸ்டருக்கு நெற்றி நரம்பு புடைத்தது.

“மறந்துட்டியா? சோறு திங்க மறப்பியா? சம்பளத் தேதியை மறப்பியா? வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னு நீ வந்து நின்னப்போ, முதலாளிகிட்ட உனக்காகப் பேசினது யாரு? நான்! என் மூஞ்சியிலயே கரியைப் பூசிட்டியே!”

“சார், பாவம் அந்தப் பொண்ணு...” என்று பெட்டி தூக்குபவர் குறுக்கே வந்தார்.

“நீ பெட்டியைத் தூக்குய்யா. தீர்ப்பை நான் சொல்லிக்கிறேன்.”

சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். “என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க.”

“வேலையை விட்டு எடுத்துடணும் சார். இன்னிக்கு இரக்கப்பட்டா, நாளைக்கு ஒருத்தரும் முழிச்சிருக்க மாட்டாங்க.”

“சரி. அறிக்கை எழுதிக் கொண்டாங்க.”

அவள் மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பயணிக்குப் பகல் ஒரு மணி விமானத்தில் இடம் கிடைத்தது. ஹெட்மாஸ்டரே அவரை வேன் வரை அழைத்துச் சென்றார்.

“ஆபரேஷனைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வச்சிருக்காங்களாம் சார்,” என்றார் பயணி, இப்போது தணிந்த குரலில். “அந்தப் பொண்ணை ரொம்பப் பேசிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணிடாதீங்க. உங்களுக்கு நல்ல மனசு. நேத்து ராத்திரி ரன்வே சத்தம் தாங்கலன்னு வந்து நின்னதும், நீங்களே சாவி எடுத்துக் குடுத்து, நூத்தி மூணுலேருந்து நூத்திப் பன்னெண்டுக்கு மாத்தி விட்டீங்களே! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்.”

வேன் போய்விட்டது.

நேற்று ஹெட்மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம்; இரவுப் பணிக்கு அவள் இன்னும் வந்திருக்கவில்லை. அறை மாற்றத்தைக் காலையில் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது.

நேராக முதலாளியின் அறைக்குப் போனார். சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

“யோசிச்சுப் பார்த்தேன் சார். பிள்ளைகுட்டிக்காரி. இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடலாமே?”

“இந்த மனசு யாருக்கு வரும்! உங்களை எப்படி வெளியே விடறது?” என்ற முதலாளி, மேசையிலிருந்த தாளை இழுத்து, அவர் கேட்டிருந்த இரண்டாண்டுப் பணி நீட்டிப்புக்கு அங்கேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்.

ஹெட்மாஸ்டர் கீழே வந்தார். “போம்மா, பொழைச்சுப் போ. உனக்காக நான் பேசிட்டேன்.”

“தெய்வம் சார் நீங்க!” என்று பெட்டி தூக்குபவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி சார்,” என்று எழுந்த அவள், அருகில் வந்து ஒரு சீட்டை நீட்டினாள். “இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ரூம் மாத்தின சீட்டு. நூத்தி மூணுலேருந்து நூத்திப் பன்னெண்டு. படுக்கை விரிக்கிறவங்க எந்த ரூமுக்குப் போறதுன்னு தெரியாம நிக்கிறாங்க.”

காலி அறைச் சாவிகள் இருக்கும் அலமாரியைத் திறக்க அவர் ஒருவருக்கே உரிமை.

“உனக்கு... எப்போ தெரியும்?”

“காலையிலேயே சார். அவர் ஆட்டின சாவியிலதான் நம்பர் இருந்துச்சே! நாலு மணிக்கு நூத்தி மூணுக்கு மூணு தடவை போன் அடிச்சேன். மேலே போய்க் கதவையும் தட்டினேன். சீக்கிரமே கிளம்பிட்டார் போலன்னு நெனச்சுட்டேன்.”

“அப்புறம் ஏம்மா பழியை உன் தலையில போட்டுக்கிட்டே?”

“இன்னிக்கு உங்க நீட்டிப்புல கையெழுத்தாகும்னு எல்லாருக்கும் தெரியும் சார். எனக்கு வேலை வாங்கிக் குடுத்தவர் நீங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்னு நெனச்சேன்.” அவள் களைப்போடு சிரித்தாள். “நீங்க இவ்வளவு நல்லா திட்டுவீங்கன்னுதான் தெரியல.”

அவர் அங்கே கையெழுத்திடவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடிப்படி ஏறினார்.

ஆகஸ்டு மாதம் பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, முதலாளியின் மேசைமேல் பணி நீட்டிப்பு உத்தரவு திரும்ப வைக்கப்பட்டது. அதன்மேல் இருந்த அறிக்கையில், ‘தவறு செய்தவர்’ என்ற இடத்தில் மேற்பார்வையாளர் தம் பெயரையும், ‘தண்டனை அனுபவித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயரையும் எழுதியிருந்தார்.